ஆரோக்கியசெல்விக்கு வீல்சேர் போட்ட கதை

கரிக்கலாம்பாக்கத்து ஆரோக்கியசெல்விக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. பெற்ற மகன் ஒரே ஒரு பொருளைக் கேட்காமலே கொடுத்தான். அது வீல்சேர்.

"டிக்கெட் போட்டாச்சும்மா. வீல்சேரும் போட்டிருக்கேன்" என்று பாரீசிலிருந்து போனில் சொன்னான் அருண் சேவியர்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு இன்னாடா கேடு வந்துச்சு?"

அவன் சிரித்தான். "கேடு இல்லம்மா. கால் வலின்னு ஒரு வார்த்த சொல்லு, அவ்ளோதான். லைன்ல நிக்க வாணாம். நடுவுல ஃப்ளைட் மாறணும் பாரு, அது எங்க, இது எங்கன்னு தேட வாணாம். ஆளே வந்து தள்ளிக்கினு போயி சீட்டுல உக்கார வச்சிடுவான். இங்க எல்லார் அம்மாவும் இப்படித்தான் வராங்க. நீ வாயத் தொறக்காம, எந்திரிக்காம வந்தாலே போதும்."

வாயைத் திறக்காமல், எழுந்திருக்காமல்! இதை யாரிடம் சொல்கிறான், பாருங்கள். மூலக்குளத்தில் இன்றைக்கு மாடி மாடியாக நிற்கிற வீடுகளில் பாதிக்கு மேல்தளம் போட்டபோது கலவைச் சட்டி சுமந்தவள் அவள். சாரப்பலகையில் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பிள்ளைகள் இரண்டையும் படிக்கவைத்த சித்தாள். கூலியில் கைவைத்த மேஸ்திரியை நடுத்தெருவில் நிறுத்தி, அவன் பெண்டாட்டி கேட்கும்படி அவன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியவள். கரிக்கலாம்பாக்கத்தில் வயலெல்லாம் மனைக்கட்டாக மாறி, வேலை வீட்டுப் பக்கத்திலேயே வந்த பிறகும் அவள் ஓயவில்லை. அறுபதைத் தொட்ட வயதிலும் ஒரு சட்டிக் கலவையைத் தலையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே மாடி ஏறுவாள்.

அவள் கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. புருஷன் அமிர்தசாமி வாதத்தில் ஒருபக்கம் விழுந்துபோய் இரண்டு வருடம் கிடந்தான். "கோயிலாண்டயாவது இட்டுனு போ, செல்வி, சுவத்தப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குது" என்று அழுவான். ஒரு சக்கர நாற்காலிக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை. இன்று வா, நாளை வா, அந்தக் காகிதம் இல்லை, இந்தக் கையெழுத்து இல்லை. கடைசியில் நாற்காலி வரவில்லை, சாவுதான் வந்தது. அந்த இரண்டு வருடமும் கொல்லைக்கும் குளியலுக்கும் அவனைத் தூக்கியது அவள் இடுப்புதான். அவனுக்குக் கிடைக்காத நாற்காலி, கல்லுமாதிரி கால் வைத்திருக்கிற தனக்கு ஒரு போனில் கிடைத்துவிட்டது என்றதும் அவளுக்கு வயிறு எரிந்தது. அதுவும் இல்லாத நோவை இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டுமாம். சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளாதா?

"உன் வீல்சேரும் வாணாம், ஒண்ணும் வாணாம். நான் நடந்து வரேன்" என்று கத்தினாள்.

"வழி தப்பிட்டா? ஃப்ளைட்ட வுட்டுட்டா? அடுத்தது மறுநாள்தான். ரோஸிய நெனச்சுப் பாரு" என்றான் அருண்.

அந்த ஒரு பெயருக்குத்தான் அவள் இறங்கி வருவாள்.

ரோஸி மேரி அவள் மகள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பையனைக் கட்டிக்கொண்டு பாரீசுக்குப் போனவள். அங்கே முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே செத்துப்போனது. அப்போது ஆரோக்கியசெல்வியால் போக முடியவில்லை. போனில் மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பல வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி தங்கியிருக்கிறது. நாள் நெருங்கும் முன்பே கீறி எடுத்துவிடலாம் என்று டாக்டர் வெள்ளிக்கிழமை காலை குறித்துவிட்டார். "நீ வந்து பக்கத்துல நின்னாத்தாம்மா நான் உள்ள போவேன். இல்லாங்காட்டி போவ மாட்டேன்" என்று ரோஸி சொல்லியிருந்தாள். வியாழன் விடியலில் மீனம்பாக்கத்தில் ஏறினால், வளைகுடாவில் ஓர் ஊரில் மாறி, அன்று சாயங்காலமே பாரீஸ். நடுவில் அந்த இரண்டாவது விமானத்தை விட்டால் வெள்ளிக்கிழமை காலை அவள் மகளுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டாள்.

அதற்காக ஒப்புக்கொண்டாள். மானத்தைத் துணியோடு சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் ரோஸியிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று போன் போட்டாள். அருண்தான் எடுத்தான். "தூங்குறாம்மா, நீ கெளம்பு" என்றான். பிள்ளைத்தாய்ச்சி, தூங்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

மீனம்பாக்கத்தில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரில் வருகிறவர்கள் ஐயோ பாவம் என்று பார்த்தார்கள். ஒவ்வொரு பார்வைக்கும் அவளுக்கு எழுந்து நின்று நாலு குதி குதித்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் கறுப்புப் புர்கா போட்ட ஓர் அம்மாள், மடியில் பிளாஸ்க், கையில் ஓதி உருட்டும் தஸ்பீ மணி, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல் வசதியாகச் சாய்ந்திருந்தாள்.

"எந்த ஊரு?" என்றாள் அந்த அம்மாள்.

"கரிக்கலாம்பாக்கம்."

"அட! நான் வில்லியனூரு. கடைவீதியில ஜவுளிக்கடை நம்மளுது. ரஹீமான்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும். எம்புள்ள யாசின் பாரீசுலதான் கீறான். எனக்கு இது நாலாவது வாட்டி. உனக்கு இன்னா, முட்டியா?"

"எனக்கு ஒரு மண்ணும் இல்ல. எம்புள்ளைக்குத்தான் புத்தியில நோவு."

ரஹீமா புர்காவே குலுங்கச் சிரித்தாள். "எனக்கும்தான் ஒண்ணுமில்ல. பேசாம குந்து."

இவள் பேரையும் ரோஸியின் ஆப்பரேஷன் கதையையும் கேட்டுக்கொண்டு, விமானம் ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் ரஹீமா பாடம் எடுத்தாள். அந்த வளைகுடா ஏர்போர்ட்டைத் தன் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி சொன்னாள். "எறங்கின ஒடனே தண்ணி பாட்டில் வாங்கிடாத. அந்த வெலைக்கு நம்மூர்ல குடும்பமே துன்னலாம். கக்கூசு வாசல்ல சுவத்தோட ஒரு குழா இருக்கும், அழுத்தினா சில்லுன்னு வரும், அத புடிச்சிக்க. கையலம்புற எடத்துல திருகைத் தேடாத, கைய நீட்டு, தானா ஊத்தும். கக்கூசுல பைப்பு வச்சிருப்பான், பாரீசுல வெறும் பேப்பர்தான். அதனால எல்லாத்தையும் இங்கியே முடிச்சிக்க. தொழுவுறதுக்கு ரூம் இருக்கு, பொம்பளைங்களுக்குத் தனியா. கால நீட்டிப் படுக்க சாய்வு நாற்காலி இருக்கு, ஆனா அது எப்பவும் காலியா இருக்காது. தரையே நடக்கும், நீ மேல நின்னா போதும். டிரைவர் இல்லாத ரயிலு ஒண்ணு உள்ளுக்குள்ளயே ஓடும்."

"டிரைவர் இல்லாமலா?"

"ஆமா. அதெல்லாம் நமக்கு எதுக்கு? நமக்கு ஒரே சட்டம்தான். சேர வுட்டு மட்டும் எந்திரிக்காத. எந்திரிச்ச, போச்சு. வேற ஒருத்தி குந்திக்குவா. அப்புறம் உன்ன யாரும் சீந்த மாட்டான்."

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற புத்தி எத்தனை கடல் தாண்டினாலும் நம்மை விடுமா?

அந்த ஊரில் இறங்கினார்கள். அப்படி ஒரு கட்டடத்தை ஆரோக்கியசெல்வி கனவிலும் கண்டதில்லை. இந்தக் கூரைக்கு எத்தனை பேர் சாரம் ஏறியிருப்பார்கள், எத்தனை பேர் விழுந்திருப்பார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நாற்காலிக்காரர்களை எல்லாம் ஒரு மூலைக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். தள்ளுகிற ஆட்கள் அடுத்த விமானத்துக்கு ஓடிவிட்டார்கள். ஆள் வருவான், வந்து தள்ளிக்கொண்டு போவான் என்று ஜாடை காட்டினார்கள்.

வரிசை முழுக்க அம்மாக்கள். தெலுங்கு அம்மா, மலையாளத்து அம்மா, பஞ்சாபி அம்மா. ஒருத்தி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள், விறுவிறுவென்று கக்கூசுக்கு நடந்து போனாள், அதைவிட வேகமாகத் திரும்பி வந்து உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். இன்னொருத்தி தண்ணீர்க் குழாய்வரை ஓட்டமாகவே ஓடினாள். ஆரோக்கியசெல்விக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வரிசைக்கு எதிரே ஒரு தூணில் சாய்ந்து ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பேண்டின் ஒரு காலை முட்டிக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அவர் மகள் போலிருந்த பெண் மலையாளத்தில் போனில் அழுதாள், போனை வைத்துவிட்டு இங்கிலீஷில் ஏர்போர்ட் ஆபீஸ் பெண்ணிடம் சண்டை போட்டாள். ஆபீஸ் பெண் இரண்டு கையையும் விரித்தாள். நாற்காலி இல்லை. இருக்கிறதெல்லாம் இதோ வரிசையில் இருக்கிறது, எல்லாம் கேட்டு வாங்கியவர்களுக்கு. இவர்கள் கேட்டதில் ஏதோ குழப்பம், பெயர் பதியவில்லையாம் என்று ரஹீமா அரைகுறையாகக் காதில் வாங்கிச் சொன்னாள். கிழவர், மகள் அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரைப் பார்க்கிற அந்தப் பார்வையை ஆரோக்கியசெல்வி இரண்டு வருடம் தினமும் பார்த்தவள்.

எழுந்துவிட்டாள்.

ரஹீமா அவள் முந்தானையைப் பிடித்தாள். "ஏ செல்வி! இன்னா பண்ற? குந்து! உம்பொண்ணு ஆப்பரேசன நெனச்சுப் பாரு!"

"நெனச்சிகினுதான் இம்மாம் நேரம் பொணம்மாரி குந்தியிருந்தேன், பாயம்மா! கால் இல்லாதவன் கீழ குந்தியிருக்கான், கால் இருக்கிற நாம மேல குந்தியிருக்கோம். இது அடுக்குமா?" வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கல்லாம் இன்னா? ஓடிப்போயி தண்ணி புடிக்கத் தெரியுது, கக்கூசுக்கு நடக்கத் தெரியுது, இங்க வந்தா மட்டும் நொண்டியா? வெக்கமா இல்ல? நம்ம புள்ளைங்க நமக்குக் கால் இல்லன்னு எழுதிக் குடுத்தா, நமக்கு எங்க போச்சு புத்தி?"

ரஹீமாவைத் தவிர ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் புரியும். தெலுங்கு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆரோக்கியசெல்வி நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய்த் தூணருகில் நிறுத்தினாள். கிழவரின் கக்கத்தில் கைகொடுத்து ஒரே தூக்கில் தூக்கி உட்காரவைத்தாள். அது அவள் கைக்குப் பழகிய வேலை. மகள் இரண்டு கையையும் கூப்பினாள்.

"கும்புடாத! உங்கப்பன் எடத்துலதான் நான் இம்மாம் நேரம் குந்திகினு இருந்தேன்" என்று அவளிடமும் எரிந்து விழுந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

நடக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. வழி தெரியாது. பாஷை தெரியாது. ஆனால் டிக்கெட்டில் அச்சடித்திருந்த வாசல் எண் தெரியும், அதோடு இருந்த சி என்கிற எழுத்தும் தெரியும். மனைக்கட்டில் வேலை செய்தவளுக்குச் சி பிளாக் எது, எந்த மனை என்று தேடிப் போகத் தெரியாதா? டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே தொங்குகிற பலகைகளோடு ஒப்புப் பார்த்து ஒப்புப் பார்த்துப் போனாள். நடக்கிற தரை வந்தது. அது மெதுவாகப் போகிறது என்று அதன் மேலேயே நடந்தாள். டிரைவர் இல்லாத ரயில் வந்தது. "மாதாவே, பாத்துக்க" என்று ஏறினாள். இறங்கி மறுபடி நடந்தாள். பயம் எல்லாம் கோபமாக மாறி, கோபம் எல்லாம் காலுக்கு இறங்கிற்று. வழியில் பெட்டி இழுத்துக்கொண்டு போன ஆம்பிளைகளை எல்லாம் முந்திக்கொண்டு போனாள்.

விமான வாசலுக்கு வந்துவிட்டாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று டிக்கெட்டை நீட்டினாள். நீலக் கோட்டுப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவள் காலைப் பார்த்தாள்.

"வீல்சேர்?"

"இல்ல. நடந்து வந்தேன்."

அந்தப் பெண் கை காட்டி ஒதுங்கி உட்காரச் சொன்னாள். நாற்காலி வரும், ஆள் வரும், அதுவரை இரு என்று ஜாடை. ஆரோக்கியசெல்விக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கிற மனுஷியைப் பார்த்து, நீ நடக்க முடியாதவள் என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது, உட்கார் என்கிறாள்! கண்ணால் காண்பது பொய், மகன் எழுதியது மெய். இவளைத் தவிர எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வரிசை தேய்ந்துகொண்டே வந்தது. உள்ளே போய்விட்ட ஒவ்வொரு ஆளுக்கும் ரோஸி ஓர் அடி தள்ளிப் போவதுபோல அவளுக்குப் பதறியது.

அப்போது ரஹீமாவை ஓர் ஆள் தள்ளிக்கொண்டு வந்தான். "சொன்னேனா இல்லியா! சொன்னேனா இல்லியா!" என்று தூரத்திலிருந்தே தலையில் அடித்துக்கொண்டாள் ரஹீமா.

"அப்புறம் சொல்லிக் காட்டலாம், பாயம்மா. நடப்பேன்னு இவகிட்ட சொல்லு!"

ஜவுளி எடுக்கப் பம்பாய் போய்வந்து கற்ற இந்தியில் ரஹீமா ஏதோ பேசினாள். நீலக் கோட்டுப் பெண் பதில் சொன்னாள். "விழுந்துட்டா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறா" என்றாள் ரஹீமா.

"விழுவேனா? நானா?"

ஆரோக்கியசெல்வி புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். தரையில் இருந்த தன் பையை எடுத்துத் தலையில் வைத்தாள். கையை விட்டாள். அந்தப் பளபளக்கிற தரையில், கலவைச் சட்டியோடு போகிறவள்போல், கழுத்து அசையாமல் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். வந்து, பையோடேயே குந்தி, எழுந்து நின்றாள். வரிசையில் ஒருவன் சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்தான்.

"இன்னாடா இளிக்கிற? உங்கம்மா நடந்தாலும் இப்படித்தான் படம் புடிப்பியா?" என்றாள். அவன் போனை இறக்கினான்.

ரஹீமா மறுபடி ஏதோ சொன்னாள். நீலக் கோட்டுப் பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகு ஆரோக்கியசெல்வி கேட்டாள், "கடைசியா இன்னா சொன்ன அவகிட்ட?"

"காலையில வரைக்கும் நடக்க முடியாமத்தான் இருந்தா, அவங்க வில்லியனூர் மாதா இப்பத்தான் கால குடுத்துச்சுன்னு சொன்னேன்."

"அடிப் பாவி! எம் மாதாவப் பொய்க்கு இழுத்தியா? நோம்பு புடிக்கிற வாயா இது?"

"இப்ப நோம்பு இல்லியே" என்றாள் ரஹீமா. மணியை எடுத்து உருட்டினாள். பிறகு, "அந்த மனுசன் உன் சேர்ல போறதப் பாத்தேன், செல்வி. கைய ஆட்டினாரு" என்றாள். பாரீசில் இறங்கியபோது விமான வாசலில் இரண்டு நாற்காலி தயாராக நின்றன. ரஹீமா ஒன்றையும் திரும்பிப் பார்க்காமல் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் கூடவே நடந்தாள்.

அருண் வெளியே நின்றிருந்தான். அம்மா நடந்து வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "சேர் எங்கம்மா? ஏன் நடந்த?"

"ரோஸி எங்க?"

"வா, நேரா ஆஸ்பத்திரிக்கே போவலாம்" என்றான். காரில் இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தான். "அம்மா, நீ டென்ஷன் ஆவக் கூடாது" என்றான். ரோட்டையே பார்த்து ஓட்டினான். நாளைக்குத்தானே ஆப்பரேஷன், அதற்குள் இவன் ஏன் உளறுகிறான் என்று நினைத்தாள். நேரத்தோடு வந்து சேர்ந்துவிட்டோம், அது போதும் அவளுக்கு.

ரோஸி கட்டிலில் படுத்திருந்தாள். போர்வை தட்டையாக இருந்தது. ஆரோக்கியசெல்வி அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பையன்மா" என்றாள் ரோஸி. உதடு வெடித்திருந்தது. "கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க. மூச்சு வுடுறான். பொழச்சிக்குவான்னுதான் சொல்றாங்க."

"எப்படி? எப்போ?"

"நேத்து மத்தியானம். ரத்தம் நிக்கல. அவரு வேலையிலேர்ந்து வர்றதுக்குள்ள உள்ள இட்டுனு போயிட்டாங்க."

நேற்று மத்தியானம். அப்போது அவள் கரிக்கலாம்பாக்கத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் அவள் ஓடி ஓடித் துரத்திய நேரம், அவள் வீட்டைப் பூட்டுவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அது தெரிந்தே அவளை ஓடவிட்டிருக்கிறான்.

"போன் போடுடான்னேம்மா" என்று ரோஸி அழுதாள். "உங்கொரல ஒரு தபா கேட்டுட்டு உள்ள போறேன்னேன். அம்மா தாங்காது, ராத்திரி ஃப்ளைட் ஏறணும், வழியில ஏதாவது ஆயிடும்னு போன வாங்கி வச்சிக்கினான்."

ஆரோக்கியசெல்வி மகன் பக்கம் திரும்பினாள். அவள் போட்ட சத்தத்தில் நர்சு ஓடிவந்தாள்.

"நான் தாங்க மாட்டேன்னு உனக்கு யார்ரா சொன்னது? உங்கப்பன ரெண்டு வருசம் தூக்குனேன், தாங்கல? பொதைச்சேன், தாங்கல? தாங்காதவன் நீ! எங்கிட்ட சொல்றதுக்கு உனக்குத் தெம்பு இல்ல, அதுக்கு எம்மேல பழியப் போடாத. ஒரு வார்த்த நீ சொல்லல, அதனால எம்பொண்ணு தனியா உள்ள போனா. தனியாடா!"

அருண் சுவரோரமாக நின்று அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. நர்சு வெளியே போகச் சொன்னபோதும் நகரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்தாள்.

"சொல்லு" என்றாள். "ரத்தம் எப்ப வந்துச்சு, யாரு இட்டுனு போனா, உள்ள இன்னா பண்ணாங்க, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணும் வுடாத."

ரோஸி சொல்ல ஆரம்பித்தாள்.